பிரேக்கில் பிறந்த மின்சாரம்

மனிதர் பொய் சொல்கிறவர் அல்ல. உண்மை மெலிந்து கிடப்பதைப் பார்த்தால் மனம் தாங்காது, அதற்குக் கொஞ்சம் ஊட்டிவிடுவார், அவ்வளவுதான்.

கார் வயரிங் அவர் தொழில். பெற்றோர் வைத்த பெயரை அவரே எப்போதாவதுதான் நினைத்துக்கொள்வார். மற்றவர்களுக்கெல்லாம் அவர் மைலேஜ். அவர் கைபட்ட வண்டி பெட்ரோல் பங்க்கைக் கண்டால் தெரியாதவர் வீட்டைத் தாண்டுவதுபோல் தாண்டிப் போய்விடும் என்பது அவர் வாக்கு. ஒருமுறை மேம்பாலத்தில் இறங்கும்போது தன் டேங்க் நிரம்பி வழிந்ததாகவும், பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் அதைத் துண்டில் ஒற்றித் தன் வண்டிக்குள் பிழிந்துகொண்டதாகவும் சொன்னார். அந்த ஸ்கூட்டர்காரரை நேரில் பார்க்க வேண்டும் என்று சிலர் கேட்டார்கள்.

"எங்க பாக்குறது? அவர் இன்னும் ஓட்டிட்டேதான் இருக்காரு" என்றார் மைலேஜ், முகத்தில் ஒரு சுருக்கம் அசையாமல்.

இத்தனை ஊட்டத்துக்கும் அடியில் ஒல்லியாக ஓர் உண்மை இருக்கத்தான் செய்தது. காரில் எஞ்சின் சுற்றும்போது அதோடு ஒரு பெல்ட் போட்டு டைனமோவும் சுற்றும். பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டுவது அதுதான். ஊட்டுகிற நேரமெல்லாம் எஞ்சினுக்கு அது ஒரு சுமை. சுமை என்றால் அதற்கும் பெட்ரோல் வேண்டும். மைலேஜ் இதை நெடுநாள் யோசித்தார். பிரேக் போடும்போது வண்டியின் வேகம் எப்படியும் வீணாகத்தானே போகிறது? அந்த நேரத்தில் மட்டும் டைனமோ வேலை பார்த்தால் போதாதா?

பிரேக் விளக்குக்குப் போகிற வயரில் ஒரு கிளை எடுத்தார். அதை, தானே போட்டு அணைக்கும் ஸ்விட்ச் மாதிரியான ஒரு சின்ன ரிலே வழியாக டைனமோவோடு சேர்த்தார். பிரேக்கை மிதித்தால் டைனமோ விழிக்கும். காலை எடுத்தால் தூங்கும். அது தூங்குகிற நேரமெல்லாம் டாஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. பார்க்கிறவர்கள் பயந்துவிடுவார்களே என்று அந்த விளக்கையும் அணைத்துவிட்டார்.

பெட்ரோல் மிச்சமானது நிஜம். ஒரு கைப்பிடி மிச்சம். அவர் வாயிலிருந்து வெளியே வரும்போது அது ஒரு மூட்டை.

தன் வண்டிக்குப் பிறகு அவர் முதலில் கைவைத்தது அக்காவின் வண்டியில். அக்கா டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தாள். ஸ்கூல் என்றால் ஒரு கார், ஒரு பலகை, அக்காவின் குரல், இந்த மூன்றும்தான். கற்றுக்கொடுக்கிறவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர்கள் லாரியைக் கண்டால் கண்ணை மூடுகிற ரகம் என்பதால், அக்காவின் கால் அந்தப் பிரேக்கை விட்டு எழுந்ததே கிடையாது. டைனமோவுக்கும் தூக்கமே கிடையாது. பேட்டரி எந்நேரமும் நிரம்பித் ததும்பியது. ஹாரன் அடித்தால் அடுத்த தெருவில் கதவு திறப்பார்கள்.

"பாத்தியாக்கா? வருஷக்கணக்கா ஒரு கோளாறு உண்டா?" என்பார் மைலேஜ்.

"கோளாறெல்லாம் மனுஷங்ககிட்டதான்டா வருது" என்பாள் அக்கா.

அந்த ஸ்கூலில் தையல்காரி ஒருத்தி சேர்ந்திருந்தாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைப்பது அவள் வேலை. ட்யூப் லைட் வெளிச்சத்தில் வெள்ளைத் துணியில் வெள்ளை நூலைப் பார்த்துப் பார்த்துக் கண் இரண்டும் போய்க்கொண்டிருந்தன. வெளுத்த துணிகளைக் கொண்டுவரும் வேனுக்கு டிரைவர் தேவைப்பட்டபோது, நான் வரேன் என்று கையைத் தூக்கிவிட்டாள். வண்டி ஓட்டத் தெரியாது என்பது அதற்கப்புறம்தான் அவளுக்கே நினைவு வந்தது.

டெஸ்ட்டில் ஏற்கெனவே தோற்றிருந்தாள். முதலில் அவள் கம்பத்தை இடித்தாள். அடுத்த முறை கம்பம்தான் அவளை இடித்தது என்று அக்கா இன்ஸ்பெக்டரிடம் வாதாடிப் பார்த்தாள். அதன் பிறகு அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மழைக்காலம். மற்ற மாணவர்கள் வானம் வெளுக்கட்டும் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். தையல்காரி மட்டும் வேலைக்குப் போகும் முன் விடியற்காலையில் வந்து நின்றாள். மூட்டமான சாலையில் ஹெட்லைட் எரிய, வைப்பர் அடிக்க, தினமும் ஓட்டினாள்.

எப்படியோ அவளுக்குக் கை வந்துவிட்டது. ஊசியில் நூல் கோக்கிற பொறுமை காலுக்கும் இறங்கியது. தூரத்தில் வளைவு தெரியும்போதே ஆக்ஸிலேட்டரை விட்டு, கியரைக் குறைத்து, பிரேக்கைத் தொடாமலே வண்டியைத் தணித்துக் கொண்டுபோவாள். அக்கா பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து பூண்டு உரித்தாள். ஒருநாள் தூங்கியே போனாள்.

அந்த நாட்களில்தான் ஒருமுறை அக்கா தம்பியிடம் சொன்னாள், "என்னடா, சாவி போட்டா ஸ்டார்ட் ஆக யோசிக்குது?"

"யோசிக்கட்டும்க்கா. யோசிக்கிற வண்டிதான் பெட்ரோல மிச்சம் பண்ணும்."

டெஸ்ட் அன்றும் தூறல்தான். மைதானத்தின் ஓரத்தில் தகரம் வேய்ந்த கொட்டகை. அதை ஒட்டியே சிமென்ட்டில் கட்டிய ஏற்றம். ஏற்றத்தின் பாதியில் வண்டியை நிறுத்தி, பின்னால் ஓர் அங்குலம் உருளாமல் மறுபடி எடுக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் அம்மாள் குடையும் கையுமாக ஒவ்வொரு வண்டியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். கொட்டகைக்குள் டாக்ஸிக்காரர்கள், மற்ற டிரைவிங் ஸ்கூல்காரர்கள், டீ கிளாஸ்கள். நடுவில் மைலேஜ். கூட்டம் இருக்கிற இடத்தில் அவருக்கு வேலை இல்லாமல் போகாது.

எதிர்க்கட்சி ஸ்கூலின் முதலாளி, ஒர்க்‌ஷாப்பும் வைத்திருப்பவர், பிஸ்டன் என்று பட்டப்பெயர் கொண்டவர், மைலேஜைப் பார்த்துக் கேட்டார், "என்ன மைலேஜு, இன்னிக்கு வண்டிக்குப் பெட்ரோல் போட்டியா, இல்ல மோந்து மட்டும் பாக்க விட்டியா?"

"மோந்து பாத்துச்சு. உடம்புக்கு ஆகாதுன்னு வேணாம்னுடுச்சு."

கொட்டகை சிரித்தது. ஒரு டாக்ஸிக்காரர் பக்கத்தில் வந்து பணிவாகக் கேட்டார். "நம்ம வண்டிக்கும் அத மாட்டி விடுங்கண்ணே. பொண்டாட்டி தினம் கேக்குறா."

"வாங்க, வாங்க. முதல்ல உங்க அக்கம்பக்கத்துல பங்க் வச்சிருக்கவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அப்புறம் திடீர்னு மூட வேண்டி வந்தா பாவம்."

அக்கா இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. விரலை மடக்கிப் பிடித்துக்கொண்டு மைதானத்தையே பார்த்தாள். தையல்காரி இன்ஸ்பெக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கம்பங்களுக்கு நடுவே வண்டியைப் பின்னால் எடுத்தாள். ஒரு கம்பம்கூட அசையவில்லை. ஹெட்லைட் எரிய, வைப்பர் ஓட, வட்டம் அடித்தாள். எங்கேயும் பிரேக் விளக்கு எரியவில்லை. அவ்வளவு அழகு.

"யாருப்பா அது, நல்லா ஓட்டுறாங்களே" என்றார் பிஸ்டன். எதிர்க்கட்சி வாயில் அந்த வார்த்தை வந்ததும் அக்காவின் விரல்கள் தளர்ந்தன.

வண்டி ஏற்றத்தில் ஏறியது. பாதியில் அவள் பிரேக்கை மிதித்தாள்.

பின்னால் பிரேக் விளக்கு அணையப்போகிற சிகரெட் நுனிபோல் மங்கலாக எரிந்தது. எஞ்சின் சத்தம் ஒரு படி கீழே இறங்கியது. வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது. மைலேஜுக்குக் கேட்டது. கேட்ட கணமே எல்லாம் தெரிந்துவிட்டது. அவள் பிரேக் போடாமல் ஓட்டிய காலைகள் முழுக்க டைனமோ தூங்கியிருக்கிறது. ஹெட்லைட்டும் வைப்பரும் பேட்டரியை நக்கித் தீர்த்திருக்கின்றன. எச்சரிக்க வேண்டிய சிவப்பு விளக்கை அவரே அணைத்தாகிவிட்டது. இப்போது பட்டினி கிடந்த பேட்டரி, டைனமோ விழித்ததும் மொத்தத்தையும் ஒரே வாயில் கேட்கிறது. மெதுவாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சினால் அந்தப் பாரத்தைத் தாங்க முடியாது.

தாங்கவில்லை. ஒருமுறை இருமிவிட்டு நின்றது. அவள் சாவியைத் திருகினாள். டிக் என்றது. மறுபடி திருகினாள். டிக்.

இன்ஸ்பெக்டர் அம்மாள் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கிக் கொட்டகைக்கு வந்தார். குடையை மடக்காமலே கேட்டார்.

"இந்த வண்டி யாரோடது? வயரிங் எல்லாம் பாக்குறது யாரு?"

அக்கா தம்பியைக் காட்டினாள்.

"வண்டில கோளாறு இருந்தா இப்பவே சொல்லுங்க. வண்டித் தப்புன்னா இன்னிக்கே இன்னொரு தடவ பாத்துடலாம். அவங்க தப்புன்னா அடுத்த மாசம்தான்."

ஒரு வார்த்தை போதும். மைலேஜ் வாயைத் திறந்தார். எதிரே பிஸ்டன் டீயை ஊதிக்கொண்டே அவரைப் பார்த்தார். டாக்ஸிக்காரர் பார்த்தார். இத்தனை நாள் அவர் கதை கேட்டுச் சிரித்த முகங்கள் எல்லாம் பார்த்தன.

"வண்டி தங்கம் மேடம்" என்றது அவர் வாய். "பதட்டத்துல கிளட்ச விட்டிருப்பாங்க. அப்புறம் சும்மா சும்மா சாவியத் திருகினா பேட்டரிதான் என்ன பண்ணும்?"

இன்ஸ்பெக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

அவ்வளவுதான். யாரும் அவரைச் சந்தேகப்படவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. இதுநாள்வரை அவர் சொன்னதை யாருமே முழுசாக நம்பியதில்லை. பாதி நம்பி மீதிக்குச் சிரிப்பார்கள். கதைக்கும் கேட்பவருக்கும் நடுவில் அப்படி ஒரு மரியாதையான இடைவெளி இருந்தது. இன்றைக்கு முதன்முறையாக ஒரு கூட்டமே அவர் வார்த்தையை அப்படியே விழுங்கிக்கொண்டது. அதுவும் ஒரு பெண்ணின் சாப்பாட்டில் கைவைத்த வார்த்தை.

வண்டியை ஏற்றத்திலிருந்து உருட்டிக் கொட்டகை ஓரம் நிறுத்தினார்கள். தையல்காரி இறங்கவில்லை. அக்கா போய் அவளிடம் குனிந்து பேசிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும்தான் அந்த வேலைய அவளுக்காக வச்சிருப்பாங்களாம்" என்றாள் தம்பியிடம். "அப்புறம் வேற ஆளாம். மறுபடியும் அந்த ரூமுக்குள்ளதான் போகணும். நான் நல்லாத்தானடா சொல்லிக் குடுத்தேன்? இவ்ளோ வந்துட்டு ஏற்றத்துல போய் கிளட்ச விட்டுட்டாளே."

மைலேஜ் டீயைக் குடித்தார். பாதியில் நிறுத்தி, கிளாஸுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன்டா ஒரு மாதிரி இருக்க?"

"ஒண்ணுமில்லக்கா. டீ சூடு."

"ஆறி அவலாப் போச்சு, சூடாம் சூடு."

டாக்ஸிக்காரர் மறுபடி பக்கத்தில் வந்து நின்றார். "அப்ப நாளைக்கு வண்டிய விடவாண்ணே?" அவரிடம் எதையோ சொல்லிவிட்டு மைலேஜ் கொட்டகையின் ஓரத்துக்கு நகர்ந்தார். அங்கிருந்து காரின் முன் கண்ணாடி தெரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் தையல்காரியின் தலை. அழுகிறாள் என்று நினைத்தார். அவள் அழவில்லை. குனிந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். தலை லேசாக முன்னால் போய் வந்தது. மறுபடி போய் வந்தது. என்ன செய்கிறாள் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அவள் கிளட்ச்சை மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மிதிப்பதும் விடுவதும். செத்துக் கிடக்கிற வண்டியில் உட்கார்ந்து, தன் கால் எங்கே துரோகம் செய்தது என்று தேடிக்கொண்டிருந்தாள். ஒருமுறை குனிந்து காலில் பளாரென்று ஓர் அடி வைத்தாள். வாலாட்டும் நாயை ஒன்றுமறியாமல் அடிப்பதுபோல் இருந்தது அது.

மைலேஜுக்குக் காது மடல் சூடானது. கன்னம், கழுத்து என்று சட்டைக்குள் இறங்கியது அந்தச் சூடு. கார் வயர் தீய்ந்தால் முதலில் ஒரு நாற்றம் வரும். அந்த நாற்றம் தன் மேலிருந்தே வருவதாகத் தோன்றியது அவருக்கு. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நேராக இன்ஸ்பெக்டரிடம் நடந்தார்.

"மேடம், வண்டித் தப்பு மேடம்."

"தங்கம்னீங்களே?"

"முலாம் மேடம்."

"எப்படி நம்புறது? பாஸ் பண்ண வைக்க இப்படித் திரும்பி வந்து பேசுறவங்கள நான் தினம் பாக்குறேன். காட்டுங்க."

காட்டுவதென்றால் பானெட்டைத் திறக்க வேண்டும். திறந்தால் கொட்டகை எழுந்து வரும். வந்தது. பிஸ்டன் முதல் வரிசை. அத்தனை தலைகளும் உள்ளே குனிய, மைலேஜ் ரிலேயைத் தொட்டுக் காட்டி, தாழ்ந்த குரலில், ஒரு சொட்டு ஊட்டம் சேர்க்காமல் சொன்னார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு சின்னதாக எதையும் சொன்னதில்லை. சொல்லி முடித்ததும் இன்ஸ்பெக்டர் அம்மாள் அந்த வயர் போகிற வழியை விரலால் தொடர்ந்து பார்த்தார்.

"அப்போ, பிரேக் போட்டாத்தான் பேட்டரி ஏறும்."

"ஆமா மேடம்."

"இவங்க பிரேக் போடாம நல்லா ஓட்டினதாலதான் பேட்டரி தீந்துச்சு."

"ஆமா மேடம்."

"மோசமா ஓட்டியிருந்தா?"

"வண்டி நின்னிருக்காது மேடம்."

பிஸ்டன் தொண்டையைச் செருமினார். "அடப்பாவி, இத முன்னாடியே சொல்லக் கூடாதா? எங்க ஸ்கூல் பசங்களுக்கு மாட்டியிருந்தா ஊருக்கே கரண்ட் குடுத்திருக்கலாமே!"

அதற்கு எழுந்த சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது. டாக்ஸிக்காரர் மட்டும் சிரிக்காமல் நைசாகப் பின்வாங்கினார். மைலேஜ் சிரிக்கப் பார்த்தார். உதடு ஒத்துழைக்கவில்லை. அக்காவைப் பார்க்கத் துணிவில்லாமல் பேட்டரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லல?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இப்பதான் மேடம்... யோசிச்சுப் பாத்தப்பதான் புரிஞ்சுது."

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். எஞ்சின் சத்தத்தை அடுத்த அறையிலிருந்து கேட்டே எந்த வயர் தளர்ந்திருக்கிறது என்று சொல்கிற தம்பி. அவளுக்குத் தெரியாதா என்ன.

"சரி, உங்க வேலைய நீங்களே கழட்டுங்க. கடைசி வண்டி முடிஞ்சதும் இவங்களத் திரும்பப் பாக்குறேன்."

கழற்றுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. ரிலேயைப் பிடுங்கி, வெட்டிய வயர்களைப் பழையபடி முறுக்கி டேப் சுற்றினார். இத்தனை வருஷப் புகழுக்கு ஒரு முழம் வயர்தான் ஆதாரமாக இருந்திருக்கிறது. பிஸ்டன் தன் காரைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி பேட்டரிக்குப் பேட்டரி மின்சாரம் கடத்தும் ஜம்ப்பர் கேபிளை நீட்டினார்.

"புடி. என் டைனமோ எந்நேரமும் முழிச்சிட்டேதான் இருக்கும். கொஞ்சம் முட்டாள்."

கேபிளை வாங்கிக்கொள்வதைத் தவிர மைலேஜுக்கு வேறு வழி இல்லை. இரண்டு வண்டிகளும் முகத்தோடு முகம் வைத்து உறுமின. அக்காவின் வண்டி உயிர் பெற்றது. பிஸ்டனின் எஞ்சின் சத்தத்தில், பெட்ரோல் பற்றிக் கவலைப்படாத ஒரு மனிதனின் நிம்மதி இருந்தது.

தையல்காரி இரண்டாவது முறை ஏற்றத்தில் ஏறினாள். பாதியில் நிறுத்தினாள். பிரேக் விளக்கு பளிச்சென்று எரிந்தது. எஞ்சின் அணையாமல் சீராகப் பேசியது. கிளட்ச்சை மெல்ல விட்டாள். வண்டி ஒரு நூல்கூடப் பின்னால் உருளாமல் மேலே போய் மறுபுறம் இறங்கியது. இன்ஸ்பெக்டர் அம்மாள் வண்டிக்குள்ளேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு இறங்கினார்.

அக்கா ஓடினாள். இரண்டு பெண்களும் தூறலில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மைலேஜ் தள்ளி நின்று, பிடுங்கிய ரிலேயை எங்கே வைப்பது என்று தெரியாமல் கைக்குள் உருட்டிக்கொண்டிருந்தார்.

உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். ஆனால் தையல்காரி காரில் ஏறுமுன் அவரிடம் வந்தாள்.

"நன்றிண்ணே. நீங்களா வந்து சொல்லலேன்னா நான் இந்நேரம் பஸ் ஸ்டாப்புல நின்னுட்டிருப்பேன். இத்தன பேரு முன்னாடி தன் தப்ப யாரு சொல்லுவா?"

அங்கேயே விட்டிருக்கலாம். சரியான நேரத்தில் மனம் திருந்திய நல்லவர் என்று ஒரு புதுக் கதை அவர் கேட்காமலே தயாராக இருந்தது. ஊட்டக்கூட வேண்டாம், தானே கொழுகொழுவென்று நின்றது. மைலேஜ் அதை ஒருமுறை ஆசையாகப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

"யோசிச்சப்புறம் புரிஞ்சுதுன்னு மேடம்கிட்ட சொன்னது பொய்ம்மா. எஞ்சின் சத்தம் இறங்கினப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுதான் பழிய உன் கால் மேல போட்டேன்."

அவளுடைய ஒரு பக்கத் தோள் மட்டும் தொப்பலாக நனைந்து, துணி உடம்போடு ஒட்டியிருந்ததை அவர் அப்போதுதான் கவனித்தார். மறுபக்கம் தூறல் பட்டுப் புள்ளி புள்ளியாக மட்டுமே இருந்தது.

"நீங்க முதல்ல மேடம்கிட்ட சொன்னதெல்லாம் கேட்டுச்சுண்ணே" என்றாள். "கை சிக்னல் காட்டுறதுக்காகக் கண்ணாடிய இறக்கியிருந்தேன். அப்புறம் ஏத்தலாம்னு பட்டன அழுத்தினா ஏறவே மாட்டேங்குது. பேட்டரிதான் இல்லையே."

"கேட்டுட்டா அப்படி உக்காந்திருந்த? இறங்கி வந்து என்னக் கேட்டிருக்கலாமேம்மா?"

"எதுக்குக் கேக்கணும்? கிளட்ச முழுசா மிதிச்சிருந்தேன்னு என் காலுக்குத் தெரியும். ஆனா மைலேஜ் அண்ணனே சொல்றாரு, வண்டியப் பத்தி அவருக்குத் தெரியாததான்னு..." அவள் சொல்ல வந்ததை முடிக்காமல் ஒருமுறை தன் காலைப் பார்த்துக்கொண்டாள். "பாவம், நல்லா வாங்கிக் கட்டிக்கிச்சு."

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்.

"ஏறு, ஏறு, நேரமாச்சு" என்று அக்கா உள்ளிருந்து கத்தினாள். தம்பியை ஏறச் சொல்லவில்லை. தையல்காரி ஸ்டியரிங் பக்கம் போய் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். அவரைப் பார்த்து, பெரியவர்களுக்குக் காட்டும் வழக்கமான மரியாதையோடு, தலையை ஒருமுறை அசைத்தாள். பிறகு பட்டனை அழுத்தினாள். தூறலுக்கும் அவளுக்கும் நடுவே, கண்ணாடி எந்தத் தடங்கலும் இல்லாமல் விறுவிறுவென்று ஏறி மூடிக்கொண்டது.

வண்டி கேட்டைத் தாண்டிப் போனது. கொட்டகையிலிருந்து யாரோ, "என்ன மைலேஜு, மழைல நிக்கிற? உள்ள வா, டீ சொல்லியிருக்கு" என்று கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. அங்கே போனால் ஏதாவது சொல்லச் சொல்வார்கள்.